பிள்ளை பிறக்கும் முன் நிலம்: மண் தரையும் பச்சைக் குழந்தையின் நலமும்

ஊரில் தங்கைக்கோ தம்பியின் மனைவிக்கோ பிள்ளை பிறக்கப் போகிறது என்று தொலைபேசி வந்தால், திராமனில் இருக்கும் நாம் உடனே பொதி கட்டத் தொடங்கிவிடுவோம். குழந்தைக்குச் சட்டை, தொப்பி, துவாய், கம்பளிப் போர்வை என்று வாங்கி, ஊருக்குப் போகிற யாரிடமாவது கொடுத்து விடுவோம். 31ம் நாள் துடக்குக் கழிவுக்கென்று தனியாகக் காசும் போகும். எல்லாம் அன்பினால் செய்வதுதான். ஆனால் அந்தப் பிள்ளையையும் பச்சை உடம்புக்காரியான தாயையும் எந்த நிலத்தில் பாய் விரித்துப் படுக்க வைக்கப் போகிறார்கள் என்று நாம் கேட்பது குறைவு.

வன்னியிலும் மட்டக்களப்பின் படுவான்கரையிலும் மலையகத்தின் சில பகுதிகளிலும் மண் நிலத்தோடு அல்லது பாதி உடைந்த சீமெந்து நிலத்தோடு இருக்கும் வீடுகள் இன்னும் உண்டு. கிராமத்து வீட்டின் நிலத்துக்கும் அங்கே பிறக்கும் குழந்தையின் உடல்நலத்துக்கும் இடையிலான தொடர்பை உலகில் பல இடங்களில் ஆராய்ந்திருக்கிறார்கள். அந்த ஆய்வுகள் காட்டியதையும், நாம் அனுப்பும் காசை இவ்விடயத்தில் எப்படிப் பயன்படுத்தலாம் என்பதையும் இங்கே தொகுத்துத் தருகிறோம்.

மண் நிலத்தில் என்ன இருக்கிறது?

கூட்டித் துப்புரவாக வைத்திருக்கும் மண் நிலம் கண்ணுக்கு அழகானது, காலுக்கும் குளிர்ச்சியானது. ஆனால் அதைக் கழுவ முடியாது. அதன் சிக்கல் எல்லாம் இந்த ஒன்றில்தான் தொடங்குகிறது. கோழி எச்சமோ குழந்தையின் மலமோ பட்டால் மேலே உள்ளதை அள்ளிப் போடலாம். ஊறிப்போனது மண்ணுக்குள்ளேயே இருந்துவிடும்.

அப்படித் தங்குபவற்றில் முதலாவது குடற்புழுக்கள். கொழுக்கிப்புழுவின் முட்டை மலத்தோடு மண்ணில் விழுந்தால், சூடும் ஈரமும் உள்ள இடத்தில் ஓரிரு நாளில் பொரிக்கும். ஐந்து முதல் பத்து நாட்களில் அதன் குடம்பி மனிதத் தோலைத் துளைத்து உள்ளே போகும் பருவத்தை அடையும். வெறுங்காலோடு நடப்பவருக்கு அது தெரியவே தெரியாது. வட்டப்புழுவின் வழி வேறு. அதன் முட்டை மண்ணில் சில கிழமைகள் கிடந்து முதிர்ந்த பின், கை வழியாகவும் உணவு வழியாகவும் வாய்க்குள் போகிறது. ஈர மண்ணில் அந்த முட்டைகள் ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருக்கக் கூடியவை.

இரண்டாவது, வயிற்றோட்டத்தை உண்டாக்கும் கிருமிகள். வீட்டுக்குள் கோழியும் ஆடும் வந்து போகும் இடங்களில் இவை நிலத்தில் கூடுதலாக இருக்கும்.

மூன்றாவது, ரெற்றனஸ் எனப்படும் ஏற்புவலியின் கிருமி. அதன் வித்திகள் மண்ணிலும் மாட்டுச் சாணம், குதிரைச் சாணம் போன்றவற்றிலும் நீண்ட காலம் உறங்கிக் கிடக்கும். வெட்டப்பட்ட தொப்புள்கொடி அவற்றுக்கு ஒரு திறந்த வாசல்.

இவற்றோடு தூசியும் ஈரலிப்பும் சேர்கின்றன. மாரி காலத்தில் மண் நிலம் கீழிருந்து ஈரத்தை இழுக்கும். பாய் நனையும், சேலைத் துணி காயாது. நிலத்தில் எலி வளை தோண்டும். எலியைத் தேடிப் பாம்பு வரும். இலங்கையின் உலர் வலயத்தில் இரவில் நிலத்தில் படுத்துறங்குவோரைத்தான் கட்டுவிரியன் பெரும்பாலும் கடிக்கிறது என்பது வைத்தியர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் உண்மை.

தாயின் காலடியில் தொடங்குகிறது

பிறந்து ஒரு மாதம் கூட ஆகாத பிள்ளை தவழ்வதில்லை, மண் தின்பதுமில்லை. ஏணையிலும் மடியிலும் கிடக்கும் பிள்ளைக்கு நிலத்தால் என்ன வரும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கான பதிலின் பெரும்பகுதி பிள்ளை வயிற்றில் இருக்கும் காலத்தில் கிடைக்கிறது.

கொழுக்கிப்புழு குடலின் உட்சுவரைப் பற்றிக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சும். கர்ப்பிணித் தாய்க்கு ஏற்கெனவே இரும்புச்சத்து கூடுதலாகத் தேவைப்படும் காலம் அது. அந்த நேரத்தில் புழுவும் சேர்ந்தால் இரத்தச்சோகை கடுமையாகும். தாயின் இரத்தச்சோகை, நிறை குறைந்த பிள்ளை பிறக்கவும் மாதம் முந்திப் பிறக்கவும் காரணங்களில் ஒன்று.

இது நமது நாட்டில் பழைய கதை. ரொக்கபெல்லர் மன்றத்தின் ஆதரவோடு இலங்கைத் தோட்டங்களில் கொழுக்கிப்புழு ஒழிப்பு வேலை 1916ல் தொடங்கியது. தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தமிழ்த் தொழிலாளர் வெறுங்காலோடு மலைச்சரிவுகளில் வேலை செய்தார்கள். லயங்களைச் சுற்றி மலசலகூடம் இல்லை. மருந்து கொடுத்துப் புழுவைப் போக்கினாலும், அதே மண்ணில் கால் வைத்தவுடன் திரும்ப வந்தது. மருந்து மட்டும் போதாது, மண்ணுக்கும் காலுக்கும் இடையில் ஏதாவது வேண்டும் என்ற பாடம் அப்போதே கிடைத்துவிட்டது.

புழுவுக்கும் பிறக்கும் பிள்ளைக்கும் உள்ள தொடர்பைப் பற்றிய முக்கியமான ஆய்வுகளில் ஒன்றும் இலங்கையில்தான் நடந்தது. 1999ல் லான்செற் மருத்துவ இதழில் வெளிவந்த அந்த ஆய்வு ஏறத்தாழ 7,000 தாய்மாரின் பேறுகளை ஒப்பிட்டது. கர்ப்ப காலத்தில் மெபெண்டசோல் என்ற பூச்சிக் குளிசை எடுத்த தாய்மாரிடையே, இறந்து பிறந்த பிள்ளைகளும் பிறந்தவுடன் இறந்த பிள்ளைகளும் சேர்ந்து 1.9 வீதம், எடுக்காதவரிடையே 3.3 வீதம். ஒன்றரைக் கிலோவுக்கும் குறைந்த நிறையோடு பிறந்தவர்கள் முறையே 1.1 வீதமும் 2.3 வீதமும். இலங்கையில் கர்ப்பிணிகளுக்கு முதல் மூன்று மாதம் கழிந்த பின் கிளினிக்கில் பூச்சிக் குளிசை கொடுப்பது வழமையாக இருப்பதன் பொருள் இதிலிருந்து விளங்கும். குளிசை உள்ளே இருக்கும் புழுவைப் போக்குகிறது. திரும்ப வராமல் தடுப்பது மலசலகூடமும் செருப்பும் நல்ல நிலமும்.

சாணி மெழுகிய நிலம்

நமது அம்மம்மாக்கள் வெள்ளிக்கிழமைகளில் சாணி கரைத்து நிலம் மெழுகியதை நாம் குறைத்துப் பேச வரவில்லை. சீமெந்து இல்லாத காலத்தில் தூசியை அடக்கவும், வெடிப்பை மூடவும், நிலத்தைச் சமப்படுத்தவும் கையில் இருந்த ஒரே பொருள் அதுதான். அந்த உழைப்பில் ஒழுங்கும் அழகும் இருந்தன.

ஆனால் பச்சைக் குழந்தை இருக்கும் அறைக்கு அது பொருந்தாது. சாணத்தில் ஏற்புவலிக் கிருமியின் வித்திகள் இருக்கலாம். மெழுகிய கையோடு தொப்புளைத் தொட்டாலே போதும். தெற்காசியாவின் பல பகுதிகளில் தொப்புளில் சாணியும் சாம்பலும் பூசும் வழக்கம் எத்தனையோ பிள்ளைகளைக் கொண்டு போயிருக்கிறது. இலங்கையில் கர்ப்பிணிகளுக்கு ஏற்பு ஊசி போடும் திட்டம் 1969ல் தொடங்கியது. இன்று 99 வீதத்துக்கும் மேற்பட்ட பேறுகள் வைத்தியசாலையிலேயே நடக்கின்றன. இந்தியாவும் 2015ல் இந்நோயை ஒழித்த நாடாக ஏற்கப்பட்டது. 2016ல் தென்கிழக்காசிய வலயம் முழுவதுமே அந்நிலையை அடைந்ததாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஆயினும் வித்திகள் மண்ணை விட்டுப் போய்விடவில்லை. ஊசியும் சுத்தமும் தொடரும் வரைதான் இந்தப் பாதுகாப்பு.

மெக்சிக்கோ காட்டிய வழி

வீட்டு நிலத்தை மாற்றினால் பிள்ளைகளின் உடல்நலம் மாறுமா என்பதற்கு உலகில் அதிகம் பேசப்படும் சான்று மெக்சிக்கோவிலிருந்து வருகிறது. அங்கே கோகுயிலா மாநில அரசு 2000ம் ஆண்டில் 'பீசோ ஃபிர்மே' என்ற திட்டத்தைத் தொடங்கியது. 'உறுதியான நிலம்' என்பது அதன் பொருள். மண் நிலம் உள்ள வீட்டுக்கு 50 சதுர மீற்றர் வரை கொங்கிறீற் இலவசமாகக் கொடுக்கப்பட்டது. கலவை வண்டி தெருவுக்கு வரும் நாளை முன்கூட்டியே அறிவிப்பார்கள். வீட்டார் தட்டுமுட்டுகளை வெளியே எடுத்து நிலத்தைச் சமன் செய்து வைத்திருக்க வேண்டும். கொட்டிய கலவையைப் பரப்பி மட்டம் செய்வதும் அவர்கள் வேலை. ஒரு வீட்டுக்கு ஏறத்தாழ 150 அமெரிக்க டொலர்தான் செலவானது.

இரு மாநில எல்லையில் ஒட்டியிருக்கும் நகரங்களை ஆய்வாளர்கள் ஒப்பிட்டார்கள். ஒரு பக்கத்துத் தொர்ரெயோனில் திட்டம் இருந்தது. மறு பக்கத்துக் கோமெஸ் பலாசியோவிலும் லெர்தோவிலும் இல்லை. மக்கள், வருமானம், காலநிலை எல்லாம் ஏறக்குறைய ஒன்றே. 2009ல் வெளியான அந்த ஆய்வின்படி, வீட்டின் மண் நிலம் முழுவதும் சீமெந்தாக மாறியபோது ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளிடையே குடற்புழுத் தொற்று 78 வீதமும், வயிற்றோட்டம் 49 வீதமும், இரத்தச்சோகை 81 வீதமும் குறைந்தன. பிள்ளைகளின் மொழி, அறிவு வளர்ச்சிச் சோதனைகளிலும் முன்னேற்றம் தெரிந்தது. இன்னொன்றையும் அந்த ஆய்வு கவனித்தது: தாய்மாரின் மனச்சோர்வும் மன அழுத்தமும் குறைந்திருந்தன. பச்சை உடம்போடு இருக்கும் தாய்க்கு மன அமைதி எவ்வளவு தேவை என்பதை நாம் சொல்லத் தேவையில்லை.

வங்காளதேசத்தில் பிறக்கும் முன்பே

மெக்சிக்கோ ஆய்வு நகர்ப்புற ஏழைகளைப் பற்றியது. நமது ஊர்களுக்கு நெருக்கமானது வங்காளதேசக் கிராமம். அங்கேயும் கென்யாவிலும் குடிநீர், மலசலகூடம், கை கழுவுதல், ஊட்டச்சத்து ஆகியவற்றைப் பரிசோதித்த பெரிய ஆய்வுகளின் முடிவுகள் 2018ல் வெளிவந்தன. எதிர்பார்ப்புக்கு மாறாக, தண்ணீரும் மலசலகூடமும் கை கழுவுதலும் மட்டும் பிள்ளைகளின் வளர்ச்சியைக் கூட்டவில்லை. வீட்டுச் சூழலில் கிருமி சுற்றிவரும் வேறு வழிகள் திறந்தே இருந்தன. அவற்றில் ஒன்று மண் நிலம்.

அதே பிள்ளைகளின் தரவுகளை மீண்டும் எடுத்துப் பார்த்தபோது, சீமெந்து போன்ற உறுதியான நிலம் உள்ள வீடுகளில் சில வகைக் குடற்புழுத் தொற்றுகளும் ஜியார்டியா தொற்றும் குறைவாக இருந்தன. ஆனால் சீமெந்து நிலம் உள்ள வீடு பெரும்பாலும் கொஞ்சம் வசதியான வீடு. நன்மை நிலத்தால் வந்ததா, வசதியால் வந்ததா என்று அதை வைத்து மட்டும் சொல்ல முடியாது.

அதனால்தான் சிராஜ்கஞ்ச் மாவட்டத்தில் 800 கர்ப்பிணிப் பெண்களின் வீடுகளைக் கொண்டு ஒரு புதிய ஆய்வு வடிவமைக்கப்பட்டது. குலுக்கல் முறையில் பாதி வீடுகளைத் தெரிந்தெடுத்து, பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே கொங்கிறீற் நிலம் போட்டுக் கொடுப்பதும், பிறந்த பிள்ளையை இரண்டு வயது வரை பின்தொடர்வதும் அதன் திட்டம். பிள்ளை பிறந்த பிறகல்ல, பிறக்கும் முன்பே நிலம் தயாராக இருக்க வேண்டும் என்பதையே அவர்களும் தொடக்கப் புள்ளியாக எடுத்துக்கொண்டார்கள்.

சீமெந்துக்கு வசதியில்லாத இடங்களுக்கு ருவாண்டாவில் வேறொரு வழி கண்டார்கள். ஏர்த்எனேபிள் என்ற நிறுவனம் கிறவல், செம்மண், மணல், களிமண் ஆகியவற்றை அடுக்கடுக்காக இடித்து இறுக்கி, மேலே ஆளி விதையிலிருந்து எடுத்த, காய்ந்து இறுகும் எண்ணெயைப் பூசுகிறது. நீர் ஊறாத, கழுவக்கூடிய நிலம் சீமெந்திலும் குறைந்த செலவில் கிடைக்கிறது. அடிப்படை மண்தான், ஆனால் கழுவலாம்.

நோர்வேயும் மண்ணிலிருந்துதான் எழுந்தது

நாம் இன்று பலகை நிலத்தில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு நடக்கிறோம். பிள்ளைகள் அதே நிலத்தில் உருண்டு விளையாடுகிறார்கள். இந்த நாட்டுக் கிராமங்களிலும் ஒரு காலத்தில் நடுவில் அடுப்பெரியும் புகை வீடுகளில் மண் நிலம்தான் இருந்தது. ஒஸ்லோவில் பிக்டொய் நாட்டார் அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போனால் அக்காலப் பழைய வீடுகளைக் காணலாம். 19ம் நூற்றாண்டின் நடுவில் ஐலெர்ட் சுண்ட் என்ற சமூக ஆய்வாளர் நாடெங்கும் நடந்து திரிந்து ஏழைகளின் வீடுகளையும் துப்புரவையும் இறப்பையும் பற்றி எழுதினார். அவருடைய காலத்தில் நோர்வேயில் பிறந்த பத்துப் பிள்ளைகளில் ஏறத்தாழ ஒன்று முதல் பிறந்தநாளைக் காணவில்லை. இன்று அந்த எண்ணிக்கை ஆயிரத்துக்கு இரண்டு அளவில் இருக்கிறது. தண்ணீர், தாதிமார், தடுப்பூசி, நல்ல உணவு, நல்ல வீடு எல்லாம் சேர்ந்து கொண்டுவந்த மாற்றம் அது.

நிலம் எதைச் செய்யாது?

பச்சைக் குழந்தைகள் இறப்பதற்கு உலகெங்கும் பெரிய காரணங்கள் மாதம் முந்திப் பிறத்தல், பிறக்கும்போது மூச்சுத் திணறல், தொற்று ஆகியவை. முதலிரண்டையும் தடுப்பது நல்ல கர்ப்பகாலக் கவனிப்பும் தேர்ந்த வைத்தியசாலையும். சீமெந்து நிலம் அவற்றுக்கு ஈடாகாது. நிலம் உதவுவது தொற்றைக் குறைப்பதிலும், தாயின் இரத்தத்தைக் காப்பதிலும்தான். அதன் முழுப் பலன், பிள்ளை ஐந்து ஆறு மாதத்தில் குப்புற விழுந்து தவழத் தொடங்கும்போதே தெரியவரும். மலசலகூடம் இல்லாத வீட்டில் நிலம் மட்டும் போட்டால் பலன் பாதிதான். தாய்ப்பாலுக்குப் பதிலாகப் பால்மா கரைத்துக் கொடுத்தால், நிலம் காத்ததைப் போத்தல் கெடுத்துவிடும்.

நாம் என்ன செய்யலாம்?

போருக்குப் பின் இந்திய அரசின் உதவியோடு இலங்கையில் 50,000 வீடுகள் கட்டும் திட்டம் வந்தது. அதில் 46,000 வீடுகள் வடக்குக் கிழக்குக்கு. 2012 முதல் குடும்பம் ஒன்றுக்கு 550,000 ரூபா பகுதி பகுதியாகக் கொடுக்கப்பட்டு, வீட்டாரே கட்டினார்கள். மண் நிலத்திலிருந்து கல்வீட்டுக்குப் போன குடும்பங்கள் ஏராளம். பணம் போதாமல் கடன்பட்டவர்களும் உண்டு. கூரை ஏறியதும் குடிபுகுந்து, உட்பூச்சையும் நிலத்தையும் 'பிறகு பாப்பம்' என்று விட்ட வீடுகளை ஊருக்குப் போனவர்கள் கண்டிருப்பார்கள். நாம் அனுப்பும் காசும் மதிலுக்கும் கேற்றுக்கும் முதலில் போய், உள்ளறை நிலத்துக்குக் கடைசியாகத்தான் போகிறது.

முழு வீட்டுக்கும் முடியாவிட்டால், தாயும் பிள்ளையும் இருக்கப்போகும் ஒரே ஒரு அறையை எடுத்துக்கொள்ளலாம். 10 அடிக்கு 12 அடி அறைக்கு மூன்று அங்குலக் கொங்கிறீற்றும் மேலே அரை அங்குலப் பூச்சும் போட, 50 கிலோ சீமெந்துப் பை ஆறு முதல் எட்டு வரை போதும். மணல், சல்லி, மேசன் கூலி வேறு. மேசனிடம் பேசும்போது நாம் கேட்க வேண்டியவை இவை:

கிறவல் போட்டு, தண்ணீர் தெளித்து, நன்றாக இடித்து இறுக்க வேண்டும். இடிக்காத நிலம் ஒரு மாரியிலேயே வெடிக்கும். வெடிப்புக்குள் அழுக்கும் எறும்பும் சேரும்.

கொங்கிறீற்றுக்குக் கீழே தடித்த பொலித்தீன் விரிக்க வேண்டும். நிலத்தடி ஈரம் மேலே ஏறாமல் தடுப்பது அதுதான். செலவு சிறிது, பெரும்பாலும் விட்டுவிடப்படுவதும் அதுவே.

வெளி முற்றத்தை விட அறை நிலம் உயர்ந்திருக்க வேண்டும். கழுவிய தண்ணீர் வாசலை நோக்கி ஓடக் கொஞ்சம் சரிவு வேண்டும்.

போட்ட நிலத்தை ஏழு நாளாவது ஈரச் சாக்கால் மூடி நனைத்து வைக்க வேண்டும். பச்சைச் சீமெந்து தோலை அரிக்கும். தூசி மூச்சுக்கு ஆகாது. ஆகவே கர்ப்பிணி அந்த வேலையில் கை வைக்கக் கூடாது. ஏழாம் மாதத்துக்குள் வேலையை முடித்துவிட்டால், பிள்ளை வரும்போது அறை நன்றாகக் காய்ந்திருக்கும்.

பளபளக்கும் மாபிள் வேண்டாம். ஈரக் காலோடு நடக்கும் கர்ப்பிணி வழுக்கி விழுந்தால் வரும் ஆபத்து பெரிது. சாதாரணச் சீமெந்துப் பூச்சே போதும்.

நிலம் போட்ட பின் கோழி, நாய், வெளிச்செருப்பு மூன்றும் அந்த அறைக்குள் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தொப்புளில் எதையும் பூசாமல் காய விட வேண்டும். அது சிவந்தாலோ, மணத்தாலோ, பிள்ளை பால் குடிக்க மறுத்தாலோ, உடம்பு சுட்டாலோ குளிர்ந்தாலோ உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். பேறுக்குப் பின் முதல் பத்து நாட்களுக்குள்ளேயே குடும்பநல உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்து பார்ப்பார். அவர் சொல்வதை அம்மம்மாவும் கூட இருந்து கேட்பது நல்லது.

அடுத்த முறை ஊரிலிருந்து அந்த நல்ல செய்தி வரும்போது, 'எத்தனையாம் மாதம்?' என்று கேட்டவுடன் இன்னொன்றையும் கேட்போம்: 'பிள்ளையை வளர்த்தப்போற அறைக்கு நிலம் போட்டாச்சோ?' இல்லை என்று பதில் வந்தால், அந்த முறைப் பொதியில் சட்டையைக் கொஞ்சம் குறைத்து, அந்தக் காசைச் சீமெந்துக்கு அனுப்பலாம். சட்டை மூன்று மாதத்தில் சின்னதாகிவிடும். நிலம் அடுத்த பிள்ளைக்கும் இருக்கும்.